கிடைத்த நேரத்தில் ஒரு நாவல்

பாறசாலையிலிருந்து காரக்கோணம் போகும் ரோட்டைவிட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி, ரப்பர் மரங்களுக்கு நடுவே இருந்த ஒரு வீட்டுக்கு நான் கல்யாணமாகி வந்தேன். அந்த வீட்டில் தமிழ் பேசத் தெரியாதவர் யாரும் இல்லை. தமிழ் வாசிக்கத் தெரிந்தவரும் யாரும் இல்லை. என் வீட்டுக்காரரும் அவருடைய அக்காவும் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அந்த அக்காவை நான் மைனி என்று கூப்பிடுவேன். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர். முன்னறையில் தையல் மிஷின் போட்டு ஊர்ப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தார். ஆலயத்துப் பாடகர் குழுவில் முதல் குரல் அவருடையதுதான். தமிழ்க் கீர்த்தனைகளை மலையாள எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுவார். உச்சரிப்பில் ஓர் இடம் பிசகாது.

நான் மார்த்தாண்டம் பக்கம் பிறந்து தமிழில் படித்தவள். கல்யாணத்துக்கு முந்திய வருடம் என் சிறுகதை ஒன்று ஒரு வார இதழில் வந்தது. பெண் பார்க்க வந்த அன்று அப்பா அந்த இதழை எடுத்து நீட்டினார். மாப்பிள்ளை அதை வாங்கி, பக்கங்களை மெதுவாகப் புரட்டி, மிகுந்த மரியாதையோடு திருப்பிக் கொடுத்தார். அதில் ஒரு வரிகூட அவருக்கு வாசிக்கத் தெரியாது என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கோபம் வரவில்லை. இரண்டு பேரும் சிரித்தோம்.

அவர் அரசு பஸ் டிரைவர். டூட்டி வாரத்துக்கு ஒரு மாதிரி மாறும். ஒரு வாரம் விடியுமுன் போய் வண்டி எடுக்கவேண்டும். மறு வாரம் மத்தியானம் போவார். சில நாட்கள் வெளியூரிலேயே தங்கல். நான் அதியன்னூரில் ஒரு சின்ன கிளினிக்கின் மருந்துக் கவுண்டரில் வேலை பார்த்தேன். காலையில் பஸ் ஏறி நெய்யாற்றின்கரை போய், அங்கிருந்து இன்னொரு பஸ். மகள் பிறந்து, நடந்து, பள்ளிக்கூடம் போகத் தொடங்கும்வரை நான் ஒரு வரிகூட எழுதவில்லை. ஆனால் ஒரு கதை மனசில் கிடந்தது. கடைசி நேரத்தில் கல்யாணம் நின்றுபோன ஒரு வீடு. மாப்பிள்ளை வீட்டார் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். பந்தலில் ஊருக்கே சமைத்த சோறு ஆவி பறக்க இருக்கிறது. மணப்பெண் பட்டுச்சேலையின் முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு தானே பந்தியில் சோறு விளம்ப வருகிறாள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பிறகு அவள் என்ன செய்தாள் என்பது எழுதினால்தான் தெரியும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள், களியக்காவிளையில் வாங்கிய ஓர் இதழில் ஒரு பெரிய எழுத்தாளரின் பேட்டியை வாசித்தேன். எங்கள் பக்கம் தமிழ் இதழ் வேண்டுமென்றால் எல்லை தாண்டித்தான் வாங்கவேண்டும். அந்த எழுத்தாளர் தினமும் காலை நாலு மணிக்கு எழுந்து, குளித்து, மேஜைமுன் உட்கார்ந்துவிடுவாராம். விடியும்வரை எழுதுவாராம். எத்தனையோ வருடமாக ஒரு நாளும் தவறியதில்லையாம். அதை வாசித்ததும் எனக்கு இத்தனை காலம் என்ன குறை என்று விளங்கிவிட்டது போலிருந்தது. எனக்கு மேஜை இல்லை. நாலு மணியும் இல்லை.

வீட்டில் சொன்னேன். எல்லாரும் என்னைவிட உற்சாகமாகிவிட்டார்கள். வெட்டிப் போட்டிருந்த அயினி மரத்தின் தடியில் என் வீட்டுக்காரர் ஒரு மேஜை செய்வித்தார். தெற்கு ஜன்னலின் கீழே அதைப் போட்டோம். மைனி அதற்கு ஒரு விரிப்புத் தைத்து, ஓரத்தில் நீல நூலால் பூ போட்டார். இனிமேல் நாலு மணிக்கு இந்த வீட்டில் ஒருவரும் தும்மக்கூடக் கூடாது என்று அவர் மகளிடம் சொல்லி வைத்தார். மலையாள வருடம் பிறக்கும் சிங்கமாதம் ஒன்றாம் தேதி ஆரம்பிப்பதாக முடிவு செய்தேன்.

முதல் நாள் எழுந்தேன், குளித்தேன், உட்கார்ந்தேன். பேனாவைத் திறந்ததும் தூக்கம் வந்தது. இரண்டாம் நாள் தூக்கம் வரவில்லை. தலையில் விளக்கு கட்டிக்கொண்டு ரப்பர் வெட்டுகிறவர் ஜன்னலுக்கு வெளியே மரம் மரமாகப் போய்க்கொண்டிருந்தார். அந்த வெளிச்சம் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். அடுத்த நாள், நான் இறங்கிய கட்டிலில் சூடு ஆறுவதற்குள் மகள் எழுந்து பின்னாலேயே வந்துவிட்டாள். மடியில் ஏறி உட்கார்ந்து, சத்தம் போடக் கூடாது என்று மைனி சொன்னதை என் காதுக்குள் சத்தமாகச் சொன்னாள். அதற்கடுத்த வாரம் வீட்டுக்காரருக்கு விடியற்காலை டூட்டி வந்தது. நாலு மணி என்பது எழுதும் நேரமாக இல்லாமல், அவருக்குச் சாயா போடும் நேரமாயிற்று. “நீ எழுது, நான் போட்டுக் குடிக்கேன்” என்று சொல்லிவிட்டு அடுக்களையில் அவர் ஒவ்வொரு பாத்திரமாகத் திறந்து சீனி தேடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு யாரால் எழுத முடியும்?

ஒரு நாள் தவறியது. அதை ஈடுகட்ட மறுநாள் இரண்டு மடங்கு எழுதவேண்டும் என்று நினைத்தேன். அந்த மலைப்பில் மறுநாளும் தவறியது. அப்புறம் வாரக்கணக்காக மேஜைப் பக்கமே போகவில்லை. மேஜை சும்மா இருக்குமா? முதலில் மகளின் பாடப்புத்தகங்கள் வந்தன. பிறகு மைனியின் வெட்டிய துணிகள். மழை பிடித்த ஒரு நாள், வெளியே காயப்போட்டிருந்த மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கு வற்றலை அள்ளிக்கொண்டுவந்து அதன்மேல்தான் பரப்பினோம். நல்ல மேஜை என்று எல்லாரும் மெச்சினார்கள். நான் எழுத்தாளர் ஆகப் பிறந்தவள் இல்லை என்று எனக்குள் தீர்மானமாகிவிட்டது. அதில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது என்றுதான் சொல்லவேண்டும்.

அடுத்த மாசி மாதத்தில் ஒரு சாயங்காலம், கிளினிக் விட்டு வரும்போது அமரவிளைக்கு இந்தப் பக்கம் பஸ் நின்றுவிட்டது. ஏதோ கோயில் உற்சவம். முன்னால் யானை போகிறது, செண்டைமேளம் போகிறது, நகர வழியில்லை. பஸ்ஸில் இருந்தவர்களில் பாதிப் பேர் இறங்கி வேடிக்கை பார்க்கப் போனார்கள். எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மேளச் சத்தம் கேட்கக் கேட்க, காரணமே இல்லாமல், அந்த மணப்பெண் ஞாபகம் வந்தது. அவள் முதல் பந்தியில் யாருக்கு முதலில் சோறு விளம்புவாள்? தன்னைப் பார்த்துத் தலை குனிந்திருக்கும் சித்தப்பாவுக்கா? இல்லை. இலைமுன் உட்கார்ந்து, இன்னும் சாப்பாடு வரவில்லையே என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிற, ஒன்றும் தெரியாத ஒரு குழந்தைக்கு. அது எனக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. பையில் மாத்திரை பொதிய வைத்திருந்த வெள்ளைத் தாள்கள் இருந்தன. முழங்காலில் வைத்து எழுதினேன். யானை வழிவிட்டு, பஸ் கிளம்பி, குலுக்கலில் எழுத்து கோணலாகிப் போன பிறகும் எழுதினேன். என் நிறுத்தம் வந்தபோது ஒரு வாக்கியம் பாதியில் நின்றது. அப்படியே மடித்துப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

வீட்டுக்கு நடக்கும்போது பாட்டு பாடலாம் போலிருந்தது. வீட்டுக்காரர் அன்று சீக்கிரம் வந்து முற்றத்தில் வாழைக்குத் தடம் வெட்டிக்கொண்டிருந்தார். நான் எழுதிவிட்டேன் என்று சொன்னேன். சொல்லும்போதே, நாலு மணிக்கு மேஜையில் எழுதவில்லை, இது கணக்கில் வராது, பஸ் நின்றதால் வந்தது என்றும் சேர்த்துச் சொன்னேன். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“அதென்ன கணக்கு? ரோட்டில ஊர்வலம் வந்தா நான் வண்டிய வேற வழியா கொண்டு போவேன். அதுக்காக டிரிப்ப கட் பண்ணியதில்லல்லா? இந்த வீட்டில சோறு தின்ன ஒரு நேரம் உண்டா, சொல்லு. ஒரு வாரம் பத்து மணிக்கு, ஒரு வாரம் மூணு மணிக்கு. ஆனாலும் நாம தின்னாம கெடந்ததில்ல.”

சொல்லிவிட்டு அவர் மறுபடி வெட்டத் தொடங்கினார். அவருக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. நான் மட்டும் அடுக்களையில் அரிசி களைந்துகொண்டே அதை நினைத்து நினைத்துப் பார்த்தேன். உண்மைதான். எங்கள் வீட்டில் சமையல், சாப்பாடு, ஜெபம், துணி துவைப்பு எல்லாம் அவருடைய டூட்டியைப் பார்த்துத்தான் நடந்தன. எதற்கும் நிலையான நேரமில்லை. ஒன்றும் நின்றுபோகவும் இல்லை. எழுத்துக்கு மட்டும் நான் வேறு யாரோ ஒருவருடைய வீட்டு நேரத்தைக் கொண்டுவந்து வைத்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, அவர் டூட்டியைக் காலண்டரில் குறித்துக்கொண்டிருந்தபோது நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவருக்கு விடியற்காலை டூட்டி என்றால், அவரை அனுப்பிவிட்டு மகள் எழும்வரை எனக்குக் கொஞ்ச நேரம் உண்டு. மத்தியான டூட்டி வாரத்தில் காலை நேரம் முழுவதும் அவரோடு போய்விடும், அப்போது பஸ்ஸில்தான். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். ஆலயம், விருந்தாளி, மீன், எல்லாம் அன்றுதான். கிளினிக்கில் கூட்டம் குறைந்து, டாக்டர் சாப்பிடப் போன பிறகு கவுண்டரில் ஓர் இடைவேளை வரும். வந்தால் எழுதுவேன். வராவிட்டால், இரவுக்கு முன் எங்காவது நின்றபடியே ஒரு வரி. சின்னக் குழந்தைகளுக்கு டாக்டர் கால் மாத்திரை எழுதித் தருவார். கால் மாத்திரையை நாங்கள் மருந்து இல்லை என்றா சொல்கிறோம்? அப்படித்தான் அந்த ஒரு வரியும் என்று வைத்துக்கொண்டேன்.

இன்னொரு பழக்கமும் தானாக வந்தது. அன்று பஸ்ஸில் வாக்கியம் பாதியில் நின்றது அல்லவா? மறுநாள் தாளை விரித்ததும் அந்தப் பாதி வாக்கியம் என்னை உள்ளே இழுத்துக்கொண்டது. எங்கே தொடங்குவது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அதன் பிறகு வேண்டுமென்றே பாதியில் நிறுத்தினேன். அந்தப் பெண் கதவைத் திறக்கக் கையை வைப்பாள், நான் பேனாவை மூடிவிடுவேன். மறுநாள் அவளே என்னைக் கூப்பிடுவாள்.

அந்த வருடங்களில் கேரளத்தில் சாயங்காலம் முறை வைத்துக் கரண்டை நிறுத்துவார்கள். அரை மணி நேரம் ஊரே இருட்டாகிவிடும். மைனியின் தையல் நிற்கும். ஜாக்கெட் வாங்க வந்த பெண்களும் பாட்டரி விளக்கை மறந்து வந்திருப்பார்கள்; வெளிச்சம் வரும்வரை முன்படியில் உட்கார்ந்துவிடுவார்கள். ஒருநாள் அப்படி இருட்டில் நானும் மைனியும் முன்படியில் மரச்சீனிக்கிழங்கு தோல் உரித்துக்கொண்டிருந்தபோது, அன்று ஒரு வரிகூட எழுதவில்லை என்று ஞாபகம் வந்தது. கையில் கிழங்கு, கண்ணுக்கு வெளிச்சமில்லை. அப்படியானால் சொல்லிப் பார்ப்போம் என்று மைனியிடம் அடுத்து வரவேண்டிய பகுதியைச் சொன்னேன். கல்யாணம் நின்ற மறுநாள் காலையில் அந்தப் பெண் மிச்சச் சோற்றை என்ன செய்தாள் என்று.

மைனி கத்தியைக் கீழே வைத்துவிட்டார். ஜாக்கெட்டுக்கு வந்த இரண்டு பேரும் நெருங்கி உட்கார்ந்தார்கள். கரண்டு வந்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை.

“பிறவு?” என்றார் மைனி.

பிறகு எனக்கே தெரியாது என்றேன்.

“அது நல்ல காரியமாக்கும். நாளைக்குள்ள கண்டுபிடிச்சு வை மக்கா. எனக்கு ஒறக்கம் வராது.”

அன்றிலிருந்து எனக்கு இன்னொரு வழியும் கிடைத்தது. எழுத முடியாத நாளில் சொல்வேன். சொன்னதை மறுநாள் பஸ்ஸில் எழுதுவேன். சொல்லும்போது எங்கே கேட்பவர்கள் கிழங்கை மறுபடி கையில் எடுத்தார்களோ, அந்த இடத்தை எழுதும்போது சுருக்கிவிடுவேன். கரண்டு போகும் நேரம் பார்த்து ஜாக்கெட் வாங்க வரும் பெண்கள் கூடினார்கள். தைத்து முடிந்து ஒரு வாரமான ஜாக்கெட்டை வாங்காமலே சிலர் தினமும் வந்தார்கள். அவர்களில் ஒருவர் பக்கத்துத் தோட்டத்து வீட்டம்மா, மலையாளத்துக்காரர். தமிழ் கேட்டால் நன்றாகப் புரியும். தானாகப் பேச வெட்கப்படுவார். என் கதையில் கல்யாணச் சமையலுக்கு வந்த ஒரு சமையல்காரன் உண்டு. கல்யாணம் நின்றதைப் பார்த்து அவன் கூலியைக் கேட்காமல் போய்விடுகிறான். அந்தப் பெண்ணை அவனுக்குக் கட்டி வைத்தே ஆகவேண்டும் என்று மைனி பிடிவாதமாக நின்றார். பாதிப் பேர் அவர் பக்கம். ஒருநாள் அந்த வாக்குவாதம் முற்றிப்போனபோது, அதுவரை பேசாத தோட்டத்து வீட்டம்மா மெல்லச் சொன்னார்.

“அவளு ஆதியம் ஒரு ஜோலிக்குப் போட்டே. கல்யாணம் பின்னே நோக்காம்.”

முதலில் அவள் ஒரு வேலைக்குப் போகட்டும், கல்யாணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னதைக் கேட்டு முன்படி முழுவதும் அவர் பக்கம் திரும்பியது. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்ட மைனி, முதலில் வாயைப் பொத்திச் சிரித்தார். பிறகு, “சரிதான். தையலுக்குப் போகச் சொல்லு. நான் படிச்சுக் குடுக்கேன்” என்றார். என் கதாநாயகிக்கு அப்படித்தான் வேலை கிடைத்தது. தையல் வேலை இல்லை. அவள் அந்தச் சமையல்காரனிடமே போய்ச் சமையல் வேலை கேட்டாள். மறுநாள் நான் அதைச் சொன்னபோது இரண்டு கட்சியும் தாங்கள் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டன.

பாதிக் கதை நடந்துகொண்டிருந்தபோது மகளுக்கு அம்மை போட்டது. கிளினிக்குக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அவளோடு இருந்தேன். தையலுக்கு யாரும் வரக் கூடாது என்று மைனி சொல்லிவிட்டார். பஸ் இல்லை, கவுண்டர் இல்லை, முன்படிக் கூட்டம் இல்லை. எனக்கு உள்ளதெல்லாம் வேப்பிலையால் வருடிக் கொடுக்கும் வேலை. எழுத்து நின்றுபோயிற்று. பழைய நானாக இருந்தால் அதோடு முடிந்திருக்கும். விட்ட நாட்களை இப்போது எண்ணவில்லை. எண்ணி என்ன செய்ய? கை ஒழியாத காலம், அவ்வளவுதான். அவளுக்குக் காய்ச்சல் விட்டு, சொறிச்சல் மட்டும் இருந்தபோது, சொறியாமல் இருக்கவேண்டுமானால் கதை சொல்லவேண்டும் என்று பேரம் பேசினாள். என்ன கதை வேண்டும் என்றேன். இருட்டில் நான் சொன்னதையெல்லாம் அவள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள்.

“அந்தச் சமையக்கார அக்கா கத. அதில ஒரு ஆடு வேணும்.”

அதில் ஆடே இல்லை என்றேன். இல்லாவிட்டால் சொறிவேன் என்றாள். ஆகவே ஓர் ஆடு வந்தது. வேறு வீட்டுக் கல்யாணத்தில் வெட்டுவதற்காகக் கட்டி வைத்த ஆடு. அது கயிற்றை அறுத்துக்கொண்டு சமையல் பந்தலுக்குள் ஓடி, நறுக்கி வைத்த முட்டைக்கோஸ் குவியலின்மேல் ஏறி நிற்கிறது. அதை யாராலும் பிடிக்க முடியவில்லை. என் கதாநாயகி பிடிக்கிறாள்; வெட்டக் கொடுக்க மாட்டேன் என்கிறாள். மகள் வயிறு வலிக்கச் சிரித்தாள். அவளுக்குத் தலைக்குத் தண்ணீர் விட்ட அன்று அந்தப் பகுதியை எழுதினேன். அந்த நாவலில் பிறகு எல்லாரும் பிடித்திருக்கிறது என்று சொன்ன இடம் அதுதான்.

இப்படியே ஒரு வருடத்துக்கு மேலாகக் கதை வளர்ந்தது. மாத்திரைத் தாள், மகளின் பரீட்சைத் தாளின் பின்பக்கம், மைனி ஜாக்கெட் அளவு எழுதும் சீட்டு என்று கைக்கு எது வந்ததோ அதில்தான் இருந்தது. ஓணம் விடுமுறையில் எல்லாவற்றையும் தரையில் பரப்பி அடுக்க உட்கார்ந்தோம். வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் முதல் வரியை வாசிப்பேன். அது எப்போது நடந்தது என்று மைனியும் மகளும் போட்டி போட்டுச் சொல்வார்கள். எந்த நாளில் எதைச் சொன்னேன் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது, அவர்களுக்கு மறக்கவில்லை. வீட்டுக்காரர் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். என் கதாநாயகி ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை முதல் பஸ்ஸில் குளத்தூருக்குச் சமைக்கப் போகிறாள் என்று வாசித்ததும் அவர் எழுந்து உட்கார்ந்தார்.

“ஞாயிற்றுக்கெழம அந்த டிரிப் கெடையாது.”

கதைதானே என்றேன்.

“கதையானா என்ன? அவ எவ்வளவு நேரம் அங்க நிப்பா? திங்கக்கெழம ஆக்கு.”

திங்கட்கிழமை ஆக்கினேன். அதனால் கல்யாணத்தையும் மாற்றவேண்டியதாயிற்று. அதில் வந்த பாதிரியாரையும் வேறு நாளுக்கு அழைக்கவேண்டியிருந்தது. நல்லபடியாக எழுதி எடுக்கும் வேலையை மட்டும் அந்த அயினி மேஜையில் செய்தேன். அதற்கு மேஜை நன்றாக உதவியது. வற்றலும் துணியும் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

எழுதி முடித்ததைக் களியக்காவிளைக்குப் போய்த் தபாலில் போட்டோம். நான் வாங்கி வாசிக்கும் வார இதழ் ஒன்றுக்குத்தான். பல மாதம் கழித்து, தொடராகப் போடலாம், ஆனால் நீளத்தைக் குறைத்துத் தரவேண்டும் என்று பதில் வந்தது. எங்கே குறைப்பது என்பதையும் பஸ்ஸிலேயே பார்த்துவிட்டேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு பத்தியாவது அடிபட்டது. ஆட்டைத் தொடவில்லை.

முதல் அத்தியாயம் வரும் வாரம் வீட்டுக்காரர் லீவு போட்டார். மைனி கீர்த்தனை ஒத்திகையை விட்டுவிட்டு வந்தார். நாலு பேரும் களியக்காவிளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடைக்குப் போனோம். கட்டுப் பிரிக்கும்வரை காத்திருந்து இதழை வாங்கினோம். நான் பக்கத்தைத் தேடி எடுத்து வாசிக்கப் போனேன். வீட்டுக்காரர் என் கையிலிருந்து மெல்ல அதை வாங்கினார். பெண் பார்க்க வந்த அன்று வாங்கியது மாதிரி இல்லை. முகத்துக்குக் கிட்டே வைத்துக்கொண்டு, விரலை எழுத்தின்கீழே நகர்த்தி, என் கதையின் தலைப்பை ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வாசித்தார். பிறகு முதல் வரியை வாசித்தார். ஒரு சொல்லில் தடுமாறி, பின்னால் போய், மறுபடி சரியாக வாசித்தார்.

எங்கே படித்தாய் என்று மைனி கேட்டார். களியக்காவிளைக்கு டிரிப் வரும்போதெல்லாம், பக்கத்தில் வந்து நிற்கும் தமிழ்நாட்டு பஸ்களின் போர்டைப் பார்த்துப் படித்தாராம். எந்த ஊருக்குப் போகிற வண்டி என்று முன்பே தெரியும். ஆகவே எழுத்து எது என்று கண்டுபிடிப்பது சிரமமில்லையாம். அந்தப் பக்கத்து டிரைவர் ஒருவர் சந்தேகம் தீர்த்து வைத்தாராம். ‘ஃ’ மட்டும் எந்த போர்டிலும் இல்லாததால் கொஞ்சம் கஷ்டமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, இரண்டாம் வரியை வாசிக்கப் போனார். கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். ஒரு பக்கம் முடிய எவ்வளவு நேரமாயிற்றோ தெரியாது. மகள் பொறுமையிழந்து, “ஆடு எப்பப்பா வரும்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

தொடர் வந்துகொண்டிருந்த காலத்தில் கிளினிக்கின் நேரம் மாறியது. மத்தியானத்திலிருந்து இரவு ஏழு மணி வரை என்றானது. பஸ்ஸில் கிடைத்த ஜன்னலோரமும் கவுண்டரின் இடைவேளையும் போயின. ஒரு காலத்தில் அது எனக்கு எல்லாம் போயிற்று என்றாகியிருக்கும். இப்போது, சரி, அப்படியானால் காலையில் மகளைப் பள்ளிக்கு விட்டு வரும் வழியில் எங்காவது உட்காரலாம் என்றுதான் தோன்றியது. ரப்பர் ஷீட் காயும் கொடியின் பக்கத்தில் ஒரு கல் கிடைத்தது. அந்த நாற்றம் பழகிப்போனால் நல்ல இடம்தான்.

கிளினிக்கின் லாபில் இரத்தம் எடுத்துப் பார்க்கும் பெண் என் வயதுக்காரி. மலையாளத்தில் கவிதை எழுதுவாள். எழுதுவாள் என்பதைவிட, எழுத நினைத்துக்கொண்டிருப்பாள் என்று சொல்லலாம். வீட்டில் மாமனார் படுக்கையில், பிள்ளைகள் இரண்டு. ஒரு சாயங்காலம் நோயாளிகள் குறைந்திருந்தபோது கவுண்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, நான் எந்த நேரத்தில் எழுதுகிறேன் என்று கேட்டாள். நான் யோசித்துப் பார்த்தேன். இந்த வாரம் கேட்டால் ஒன்று சொல்வேன், அடுத்த வாரம் கேட்டால் வேறொன்று சொல்வேன். எதைச் சொன்னாலும் அது என் வீட்டு நேரம். அவளுக்கு அது பொருந்தாது.

“இப்போ உனக்கு வேல உண்டா?” என்று கேட்டேன்.

அடுத்த ரிசல்ட் வரக் கொஞ்ச நேரமாகும் என்றாள். நான் என் தாளில் பாதியைக் கிழித்து அவளிடம் கொடுத்தேன். அவள் சிரித்தாள். கிளினிக்கில் எழுதலாமா, டாக்டர் பார்த்தால் என்ன நினைப்பார் என்றாள். பிறகு கவுண்டரின் மறுபக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, தாளின்மேல் குனிந்தாள். நான் தமிழில், அவள் மலையாளத்தில், நடுவில் இருமல் மருந்துக் குப்பிகள். டாக்டர் பஞ்சு கேட்டு வந்தார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் எழுந்திருக்கப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, அலமாரியைத் திறந்து தானே தேடத் தொடங்கினார். அவர் தப்பான தட்டில் தேடுகிறார் என்று தெரிந்தும் அவள் தலையைத் தூக்கவில்லை. அவள் தாளில் நாலாவது வரி போய்க்கொண்டிருந்தது.